இழந்த எலும்பின் இடத்தில் எதை வைப்பது? இயற்கைப் பொருட்களால் ஆன எலும்பு மாற்றுகள் பற்றி ஓர் அறிமுகம்

முறிந்த எலும்பைச் சரியான நிலையில் அசையாமல் வைத்துவிட்டால், மீதி வேலையைப் பெரும்பாலும் உடலே செய்துகொள்கிறது. மாவுக்கட்டும் பிளேட்டும் ராடும் அடிப்படையில் அந்த அசையாமையைத் தருவதற்காகவே இருக்கின்றன. நம் ஊர்ப்பக்கம் மூங்கில் பத்தை வைத்து, முட்டை வெள்ளையும் உளுத்தமாவும் குழைத்துக் கட்டுகிற நாட்டு வைத்தியர்களும் எலும்பின் இதே இயல்பை நம்பித்தான் கட்டுகிறார்கள். முறிந்த இடத்தில் முதலில் இரத்தம் உறைகிறது; அந்த உறைவுக்குள் புதிய இரத்தக் குழாய்கள் நுழைகின்றன; மென்மையான குருத்துத் திசு உருவாகி இரு முனைகளையும் இணைக்கிறது; பிறகு அதில் சுண்ணாம்புச் சத்து படிந்து கெட்டிப்படுகிறது; அதன்பின் மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில், அந்தக் கரடுமுரடான இணைப்பு பழைய வடிவத்துக்குச் செதுக்கப்படுகிறது. தோலில் ஏற்படும் காயம் தழும்பாக ஆறுகிறது. எலும்போ தழும்பில்லாமல் மீண்டும் எலும்பாகவே ஆறுகிறது.

ஆனால் இவையெல்லாம் முறிந்த முனைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டோ மிக நெருங்கியோ இருக்கும்போதுதான் நடக்கும். ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றிலோ, சேலத்தில் வந்து கூடும் தேசிய நெடுஞ்சாலைகளில் ஒன்றிலோ இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்தவரின் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு நொறுங்கி, அதன் துண்டுகள் சிதறிப்போயிருக்கலாம். சீழ் பிடித்து இறந்துபோன எலும்பை மருத்துவர் வெட்டி எடுக்க நேர்ந்திருக்கலாம். கட்டி வந்த எலும்பை அகற்றியிருக்கலாம். பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு கரைந்து, புதிய பல் நடுவதற்குப் போதிய உயரம் இல்லாமல் போயிருக்கலாம். இவற்றிலெல்லாம் எலும்பில் ஓர் இடைவெளி விழுந்துவிடுகிறது. நீண்ட எலும்பின் தண்டில் உள்ள இடைவெளி அந்த எலும்பின் விட்டத்தைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டால், எவ்வளவு காலம் காத்திருந்தாலும் அது தானாக நிரம்பாது என்று பொதுவாகக் கருதப்படுகிறது. அங்கே எலும்புக்குப் பதில் நார்த்திசுதான் வளரும்.

அத்தகைய இடைவெளியை நிரப்புவதற்கு மருத்துவர்கள் முதலில் நினைப்பது நோயாளியின் சொந்த எலும்பை. இடுப்பின் பக்கவாட்டில் கைக்குத் தட்டுப்படும் எலும்பின் மேல் விளிம்பிலிருந்து கொஞ்சம் சுரண்டி எடுத்து, இடைவெளியில் வைத்து நிரப்புவார்கள். இதில் உயிருள்ள செல்கள் இருக்கின்றன, உடல் அதை அந்நியப் பொருளாகப் பார்ப்பதில்லை, நோய்த்தொற்றைக் கொண்டுவரும் அச்சமும் இல்லை. ஆகவே மற்ற எந்தப் பொருளையும் இதனோடு ஒப்பிட்டுத்தான் இன்றளவும் மதிப்பிடுகிறார்கள். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. அறுவை ஒன்றுக்கு இரண்டாகிறது, எடுத்த இடத்தில் நாட்பட்ட வலி தங்கிவிடலாம், அருகிலுள்ள நரம்பு பாதிக்கப்படலாம், எல்லாவற்றுக்கும் மேலாக, எடுக்கக்கூடிய அளவு மிகக் குறைவு. சிறு குழந்தையின் இடுப்பில் எவ்வளவு எடுத்துவிட முடியும்? எலும்பு மெலிந்துபோன மூதாட்டியின் இடுப்பிலிருந்து எடுப்பது எவ்வளவு பயன் தரும்? அதனால்தான், "டாக்டர், இடுப்பிலிருந்து எடுக்காமல் வேறு எதையாவது வைக்க முடியாதா?" என்று அறுவை அரங்கின் வாசலில் உறவினர்கள் கேட்பது மிகவும் நியாயமான கேள்வி. கடந்த அறுபது ஆண்டுகளாக இத்துறையின் ஆய்வாளர்கள் கேட்டுக்கொண்டிருப்பதும் அதே கேள்வியைத்தான்.

அதற்கு விடை தேடும் முன் எலும்பு எதனால் ஆனது என்று பார்த்துவிட வேண்டும். எலும்பின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குத் தாது. அதாவது கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஹைட்ராக்சிஅபடைட் என்ற உப்பின் மிக நுண்ணிய படிகங்கள். எஞ்சியதில் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரத நார், மிச்சம் நீர். தாது அழுத்தத்தைத் தாங்குகிறது, கொலாஜன் இழுவிசையைத் தாங்குகிறது. எலும்புத் துண்டு ஒன்றை நீர்த்த அமிலத்தில் பல நாட்கள் ஊறவைத்துத் தாதுவை நீக்கினால், அது வளைத்து முடிச்சுப் போடக்கூடிய ரப்பர் போன்ற பொருளாகிவிடும். நெருப்பில் சுட்டு நாரை நீக்கினாலோ விரலால் நசுக்கினாலே உதிரும். இந்த இரண்டுக்கும் நடுவே செல்கள் இடைவிடாமல் வேலை செய்துகொண்டிருக்கின்றன. ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற செல்கள் பழைய எலும்பைக் கரைக்கின்றன. ஆஸ்டியோபிளாஸ்ட் என்ற செல்கள் அந்த இடத்தில் புதியதைக் கட்டுகின்றன. வளர்ந்த மனிதரின் எலும்புக்கூட்டில் ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு இவ்வாறு புதுப்பிக்கப்படுகிறது என்பது பொதுவான கணக்கு.

இடைவெளியில் வைக்கப்படும் எந்தப் பொருளையும் மூன்று கேள்விகள் கேட்டு எடைபோடலாம். எலும்பைக் கட்டும் உயிருள்ள செல்கள் அதில் இருக்கின்றனவா? அருகிலுள்ள சாதாரணச் செல்களை எலும்புச் செல்களாக மாறும்படி தூண்டும் சமிக்ஞை அதில் இருக்கிறதா? எலும்பும் இரத்தக் குழாய்களும் படர்ந்து உள்ளே செல்வதற்கு வழி இருக்கிறதா? சொந்த எலும்புக்கு மூன்றும் உண்டு. பெரும்பாலான மாற்றுப் பொருட்களுக்கு மூன்றாவது மட்டுமே உண்டு. இரண்டாவது கேள்விக்கு அடித்தளம் இட்டவர் அமெரிக்க எலும்பு மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட். தாது நீக்கிய எலும்பைத் தசைக்குள் வைத்தபோது, எலும்பே இருக்கக் கூடாத அந்த இடத்தில் புதிய எலும்பு உருவானதை 1965-இல் அவர் வெளியிட்டார். எலும்புக்குள் மறைந்திருக்கும் புரதங்கள்தான் அதற்குக் காரணம் என்பது பின்னர் தெளிவானது.

மாற்றுப் பொருள் எலும்பைப் போல் கடினமாக இருக்க வேண்டும் என்றுதான் முதன்முதலில் இதைப் பற்றிக் கேட்கும் எவரும் நினைப்பார்கள். ஆனால் கடினம் இங்கே முதல் தேவை அன்று. இந்தப் பொருளின் பணி கான்கிரீட் தளத்துக்கு அடிக்கப்படும் சென்ட்ரிங் பலகையின் பணி: தளம் தன் சுமையைத் தானே தாங்கும் நாள் வரை பலகை இருக்க வேண்டும், அதன்பின் இருக்கக் கூடாது. எலும்பு வளரும் முன்பே பொருள் கரைந்துவிட்டால் இடைவெளி மீண்டும் இடைவெளியாகும். எலும்பு வளர்ந்த பின்னும் கரையாமல் கிடந்தால், அந்த இடம் ஒருபோதும் முழு எலும்பாகாது. ஆகவே நல்ல மாற்றுப் பொருளின் தகுதி, தக்க வேகத்தில் மறைந்து, தன் இடத்தை நோயாளியின் சொந்த எலும்புக்கு விட்டுக்கொடுப்பதில் இருக்கிறது. கீழே வரும் ஒவ்வொரு பொருளையும் இந்த அளவுகோலால் பார்த்தால், ஏன் இத்தனை வகைகள் முயலப்பட்டன என்பது தானே விளங்கும்.

இந்த முயற்சிகள் புதியவை அல்ல. போர்வீரர் ஒருவரின் மண்டையோட்டுப் பள்ளத்தில் நாயின் எலும்பு வைக்கப்பட்ட செய்தி, டச்சு அறுவை மருத்துவர் ஜாப் வான் மீக்கரன் எழுதி 1668-இல் வெளியான பதிவில் இருக்கிறது. மனிதரின் சொந்த எலும்பையே எடுத்து வைக்கும் முறையை 1821-இல் ஜெர்மனியின் பிலிப் வான் வால்டர் கையாண்டார். 1892-இல் டிரீஸ்மன் என்ற ஜெர்மானியர் எலும்புக் குழிகளை ஜிப்சத்திலிருந்து கிடைக்கும் பாரிஸ் சாந்தால் நிரப்பினார். அந்தச் சாந்து சில வாரங்களிலேயே கரைந்துவிடுவதால், சிறிய குழிகளுக்கு மட்டுமே பொருந்தியது.

உயிரினங்களிலிருந்து கிடைக்கும் பொருட்கள் இத்தகைய சாந்திலிருந்து வேறுபடுவது அமைப்பில். எலும்பு வளர வேண்டுமானால், ஒன்றோடொன்று இணைந்த துளைகள் வேண்டும். துளை 100 மைக்ரானுக்கு, அதாவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு, குறைந்தால் செல்கள் நுழைவது கடினம், 300 மைக்ரானும் அதற்கு மேலும் இருந்தால் இரத்தக் குழாய்களும் தாராளமாக நுழையும். இத்தகைய இணைந்த துளைகளை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்குவது பெரும்பாடு. உயிரினங்களோ அவற்றைத் தம் உடலில் இயல்பாகவே கட்டி வைத்திருக்கின்றன.

மருத்துவமனைகளில் மிகுதியாகப் புழங்குவது மாட்டெலும்பு. பல் இம்ப்ளான்ட் வைப்பதற்கு முன் பல் மருத்துவர் "எலும்புத் தூள் வைக்க வேண்டும்" என்று சொன்னால், அது மாட்டெலும்பிலிருந்து எடுத்த தாதுத் துகளாக இருக்க வாய்ப்பு அதிகம். வெப்பத்தாலும் வேதிப்பொருட்களாலும் அதிலுள்ள புரதம், கொழுப்பு, செல்கள் அனைத்தையும் நீக்கி, தாதுக் கூட்டை மட்டும் துகளாக்கித் தருகிறார்கள். மனித எலும்பின் துளையமைப்புக்கு மிக நெருக்கமானது என்பது இதன் பலம். மிக மெதுவாகவே கரையும், பல ஆண்டுகள் கழித்தும் துகள்கள் அப்படியே தெரியும் என்பது, பார்க்கும் நோக்கைப் பொறுத்துப் பலமும் குறையும். தாடையின் உயரம் குறையாமல் நிற்க வேண்டிய இடத்தில் அது நன்மை. கால் எலும்பின் நடுவில் அது அவ்வளவு நன்மை அன்று. மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ பெறப்பட்ட பொருள் தன் உடலில் வைக்கப்படுவதில் ஒருவருக்குச் சமயம் சார்ந்த தயக்கம் இருக்கலாம். அதை முன்கூட்டியே அறிந்துகொள்வதும், மாற்று உண்டா என்று கேட்பதும் நோயாளியின் உரிமை. பல இடங்களில் இதைச் சொல்லாமலே கடந்துவிடுகிறார்கள் என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

இறந்தவரிடமிருந்தோ, இடுப்பு மூட்டு மாற்று அறுவையின்போது அகற்றப்படும் தொடையெலும்பின் தலையிலிருந்தோ கிடைக்கும் மனித எலும்பும் உண்டு. அதைப் பரிசோதித்து, சுத்தம் செய்து, காமா கதிர்வீச்சால் கிருமி நீக்கித் திசு வங்கிகளில் வைக்கிறார்கள். மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் அப்படி ஒரு வங்கி இயங்குகிறது. இடம்பெற்றவுடன் வலிமையும் தருவது இவ்வகையின் சிறப்பு.

அடுத்து வரும் கடற்பவளத்தின் கதை சற்று நீளமானது. சில பவளப் பூச்சிகள் கட்டும் கூட்டின் துளைகள் மனித எலும்பின் துளைகளை வியக்கத்தக்க அளவு ஒத்திருக்கின்றன. ஆனால் பவளம் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்பு. அதை அப்படியே வைத்தால் எலும்பு வளரும் முன்பே கரைந்துவிடக்கூடும். 1974-இல் ராய், லினஹன் ஆகிய இருவர், பவளத்தைப் பாஸ்பேட் கரைசலில் இட்டு உயர்ந்த அழுத்தத்திலும் வெப்பத்திலும் வைத்தால், துளையமைப்பு சிறிதும் மாறாமல் அது ஹைட்ராக்சிஅபடைட்டாக மாறுகிறது என்று காட்டினார்கள். இப்போது எதிர்த் திசையில் சிக்கல் வந்தது: முழுவதும் மாற்றப்பட்ட பவளம் மிக மிக மெதுவாகத்தான் கரைந்தது. அதனால் மேற்பரப்பை மட்டும் மாற்றி, உள்ளே சுண்ணாம்பை விட்டுவைக்கும் முறையும் வந்தது. கரையும் வேகத்தை மனிதர் தம் விருப்பப்படி அமைத்துக்கொள்ள முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை. ஒரு செய்தியை இங்கே சேர்த்தே ஆக வேண்டும்: மன்னார் வளைகுடாவில் உள்ளவை உட்பட நம் நாட்டின் கல்பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2001 முதல் காக்கப்படுகின்றன, அவற்றை எடுப்பது குற்றம்.

பவளத்துக்கு மாற்றாக ஆய்வாளர்கள் பார்ப்பது கணவாய் மீனின் உள் ஓடு. நாட்டு மருந்துக் கடைகளில் கடல் நுரை என்ற பெயரில் விற்பது இதுதான். தட்டுகளும் அவற்றைத் தாங்கும் நுண்ணிய தூண்களுமாக, பெரும்பகுதி வெற்றிடமாக அமைந்த இந்த ஓட்டையும் பவளத்தைப் போலவே ஹைட்ராக்சிஅபடைட்டாக மாற்ற முடிகிறது. கடையில் வாங்கிய ஓட்டைப் பொடித்துக் காயத்தில் பூசுவதற்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அப்படிச் செய்வது ஆபத்து.

சேலத்துக்கு அருகிலேயே கிடைக்கும் மூலப்பொருள் முட்டை ஓடு. நாமக்கல் பண்ணைகளின் முட்டைகள் உடைக்கப்படும் இடமெல்லாம் குப்பையாகும் அந்த ஓட்டில் 90 விழுக்காட்டுக்கும் மேல் கால்சியம் கார்பனேட். உள்சவ்வை நீக்கி, ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸில் சுட்டால் அது கால்சியம் ஆக்சைடாகிறது. அதைப் பாஸ்பேட்டுடன் வினைபுரியச் செய்தால் ஹைட்ராக்சிஅபடைட் தூள் கிடைக்கிறது. ஓட்டிலுள்ள சிறிதளவு மெக்னீசியமும் ஸ்ட்ரான்சியமும் தூளிலும் தங்குவது கூடுதல் நன்மை, ஏனென்றால் மனித எலும்பிலும் அவை சிறிதளவு உண்டு. ஆனால் பவளத்தைப் போன்ற துளைக்கூடு இதில் இல்லை. தூளைக் கொண்டு துளைகளை நாம்தான் உண்டாக்க வேண்டும். இது பெரும்பாலும் இன்னும் ஆய்வு நிலையில் இருக்கும் பொருள்.

இதுவரை பார்த்தவை எல்லாம் எலும்பின் தாதுப் பாதிக்கு மாற்று. நார்ப் பாதிக்கு மாற்றாக, விலங்குத் தோலிலிருந்தும் தசைநாணிலிருந்தும் எடுக்கப்படும் கொலாஜனும், இறால் ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசானும் உள்ளன. எனினும் சேலத்து வாசகருக்கு மிகப் பழக்கமான பொருளான பட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். பட்டு நூலில் இரண்டு புரதங்கள் உண்டு: உள்ளே இழையாக ஃபைப்ராயின், அதைச் சுற்றிப் பசையாக செரிசின். வெண்பட்டு நெய்வதற்கு முன் நூலைச் சோப்பும் சோடாவும் இட்ட நீரில் வேகவைத்துப் பசை எடுப்பதை அம்மாபேட்டைப் பக்கம் எந்த நெசவுக் குடும்பமும் அறியும். ஆய்வுக்கூடத்திலும் முதல் வேலை அதுவே: கூட்டை வெட்டி, சோடியம் கார்பனேட் கரைசலில் கொதிக்கவைத்து, நூலின் எடையில் கால் பங்குக்கும் மேலாக இருக்கும் செரிசினை நீக்குகிறார்கள். நெசவாளருக்கு இது பளபளப்புக்காகவும் மென்மைக்காகவும். மருத்துவத்தில் இது பாதுகாப்புக்காக. பசை நீக்காத பட்டு நூலால் காயம் தைத்த காலத்தில் சிலருக்கு ஏற்பட்ட ஒவ்வாமைக்கு இரண்டு புரதங்களும் சேர்ந்திருந்ததே காரணமாகக் கருதப்படுகிறது. எஞ்சிய ஃபைப்ராயினை லித்தியம் புரோமைடு என்ற உப்பின் அடர்ந்த கரைசலில் கரைத்து, பிறகு அந்த உப்பை நீக்கிவிட்டால், தெளிந்த புரத நீர் கிடைக்கும். அதில் சமையல் உப்பின் படிகங்களைத் தூவி இறுகவிட்டு, படிகங்களை நீரில் கரைத்து வெளியேற்றினால், படிகங்கள் இருந்த இடமெல்லாம் துளையாகி, பஞ்சு போன்ற கூடு உருவாகும். படிகத்தின் அளவை மாற்றினால் துளையின் அளவு மாறும். புரதத்தின் மூலக்கூறுகள் அடுக்காகும் விதத்தை மாற்றினால், அது உடலில் வாரங்களில் கரையுமா, ஆண்டுக்கு மேல் நிற்குமா என்பதும் மாறும். அழுத்தத்தைத் தாங்கும் வலிமை பட்டுப் பஞ்சுக்குத் தனியாகப் போதாது. அதனால் ஹைட்ராக்சிஅபடைட்டைச் சேர்க்கிறார்கள். அப்போது நாரும் தாதுவும் சேர்ந்த எலும்பின் அமைப்பையே நாம் நெருங்குகிறோம்.

ஜவ்வரிசி ஆலைகள் நிறைந்த மாவட்டத்தில் ஸ்டார்ச் பற்றிய கேள்வி எழுவது இயல்பு. ஸ்டார்ச்சை வேறு பாலிமர்களுடன் கலந்து எலும்புக்கான கூடுகள் செய்யும் ஆய்வுகள் உண்டு; தனித்து நிற்கும்போது அது நீரை உறிஞ்சித் தளர்ந்துவிடும். மாமாங்கம், வெள்ளக்கல்பட்டிப் பக்கம் கிடைக்கும் வெள்ளைக்கல்லில் உள்ள மெக்னீசியமும் எலும்புக்கு அந்நியமானதன்று. உடலிலுள்ள மெக்னீசியத்தில் பாதிக்கு மேல் எலும்பில்தான் இருக்கிறது. ஆனால் கல் கல்தான், அது உயிரியற்பொருள் ஆகாது. இத்தாலியின் ஃபாயென்சாவில் உள்ள ஆய்வாளர்கள் பிரம்பைக் கரியாக்கி, அதன் குழாயமைப்பு கெடாமல் படிப்படியாக வேதிமாற்றம் செய்து, எலும்புத் தாதுவாகவே ஆக்கியிருக்கிறார்கள் என்பதையும் இங்கே சொல்லலாம். தாவரத்தின் அமைப்பும் இதற்குப் பயன்படும் என்பதற்கு அது சான்று.

இயற்கைப் பொருள் என்பதாலேயே தீங்கற்றது என்று எண்ணிவிடக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மாட்டெலும்பில் புரதம் எஞ்சியிருந்தால் உடல் எதிர்க்கும். மாடு நோயுற்றிருந்தால் பிரையான் என்ற தீய புரதம் பரவும் அச்சம் உண்டு. பாதுகாப்பைத் தருவது மூலப்பொருளின் பிறப்பு அன்று, அதைச் சுத்திகரிக்கும் முறையும் அதைச் சோதிக்கும் கட்டுப்பாடும்தான். இந்தியாவில் இவை மருத்துவக் கருவிகள் விதிகள், 2017-இன் கீழ் உரிமம் பெற்றிருக்க வேண்டும். உறையின் மீதுள்ள பெயர், தொகுப்பு எண், காலாவதி நாள் ஆகியவை நோயாளியின் கோப்பில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். ஒட்டப்பட்டிருக்கிறதா என்று கேட்பதில் தவறே இல்லை.

பொருளைவிட, அது வைக்கப்படும் இடம் முக்கியம். சீழ் இருக்கும் இடத்தில் எந்த மாற்றுப் பொருளும் பிழைக்காது. முனைகள் அசைந்துகொண்டிருந்தாலும், இரத்த ஓட்டம் கெட்டிருந்தாலும், நோயாளி புகைபிடிப்பவராகவோ சர்க்கரை கட்டுப்படாதவராகவோ இருந்தாலும் பலன் குறையும். அதனால்தான் சீழ் பிடித்த பெரிய இடைவெளிகளில், பிரெஞ்சு மருத்துவர் மாஸ்கலே வகுத்த முறைப்படி, முதலில் அழுகியதை அகற்றிவிட்டு எலும்பு சிமென்ட்டை வைக்கிறார்கள். சில வாரங்களில் அதைச் சுற்றி இரத்த ஓட்டம் மிகுந்த சவ்வு உருவானதும், சிமென்ட்டை எடுத்துவிட்டு அந்தப் பைக்குள் எலும்பை நிரப்புகிறார்கள். இரண்டு அறுவைகளா என்று சலித்துக்கொள்ளும் குடும்பங்களுக்கு, முதல் அறுவைதான் இரண்டாவது அறுவைக்கு நிலத்தைப் பண்படுத்துகிறது என்பதைப் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

நடைமுறையில் இவை பெரும்பாலும் கலந்தே பயன்படுகின்றன. சிறிய குழி என்றால் துகள் மட்டும் போதும். இடைவெளி பெரிதானால், இடுப்பெலும்புக்குள் ஊசியைச் செலுத்தி உறிஞ்சிய மஜ்ஜையைத் துகளோடு குழைத்து வைக்கலாம். செல்கள் மஜ்ஜையிலிருந்தும் வழி துகளிலிருந்தும் வருகின்றன. அல்லது கொஞ்சமாகக் கிடைத்த சொந்த எலும்பை, துகளைச் சேர்த்துப் பெருக்கிக்கொள்ளலாம். யூரிஸ்ட் தேடிய புரதங்களில் ஒன்றைச் செயற்கையாகத் தயாரித்து, மாட்டுக் கொலாஜன் பஞ்சில் ஊறவைத்துத் தண்டுவட அறுவையில் பயன்படுத்த 2002-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் கழுத்துப் பகுதியில் அதைப் பயன்படுத்தியபோது உயிருக்கே ஆபத்தான வீக்கம் ஏற்பட்டதாக 2008-இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. வலுவான சமிக்ஞை வேண்டாத இடத்திலும் வேலை செய்யும். இயற்கைப் பொருட்களின் மெதுவான போக்கை நான் மதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அறுவை முடிந்து வீடு திரும்புவோர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தாதுத் துகள்கள் எக்ஸ்ரேயில் முதல் நாளிலிருந்தே வெள்ளையாகத் தெரியும். அதைப் பார்த்துவிட்டு எலும்பு கூடிவிட்டது என்று எண்ணி, மருத்துவமனைக்குப் போவதை நிறுத்திவிட்டுக் காலை ஊன்றத் தொடங்குபவர்கள் இருக்கிறார்கள். மருத்துவர் அந்த வெண்மையை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை: தொடக்கத்தில் கூர்மையாகத் தெரிந்த துகளின் விளிம்புகள் மங்குகின்றனவா, துகளுக்கும் பழைய எலும்புக்கும் இடையே இருந்த கருங்கோடு மறைகிறதா, எலும்பின் இருபுறமும் உள்ள கெட்டியான புற ஓடு இடையில் அறுபடாமல் தொடர்கிறதா என்றுதான் பார்க்கிறார். அந்தக் கோடு மறைவதற்குப் பல மாதங்கள் ஆகலாம். எவ்வளவு எடையை, எப்போது ஊன்றலாம் என்பதை அவர் ஒவ்வொரு முறையும் புதிய படத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.